அடையாளம் ஒன்று, முன்னுரிமை வேறு: அமெரிக்கப் பழமைவாதமும் கருத்துக்கணிப்புகளும்

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநில வாக்காளர்கள் ஒரே வாக்குச்சீட்டில் பல கேள்விகளுக்கு விடையளித்தார்கள். அதிபர் பதவிக்கு 58 சதவீதத்துக்கும் அதிகமானோர் டொனால்டு டிரம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு 51.6 சதவீதம் பேர் சேர்க்கலாம் என்றார்கள். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தவும், சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பைக் கட்டாயமாக்கவும் வழிசெய்யும் யோசனைக்கு 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. எளிய கூட்டல் போட்டாலே ஒன்று தெரிகிறது. நூறு பேரில் ஏறத்தாழ பதினைந்து பேராவது டிரம்புக்கும் வாக்களித்து, அவரது கட்சி எதிர்த்துவந்த கூலி உயர்வுக்கும் வாக்களித்திருக்க வேண்டும்.

இது மிசௌரியில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. 2020இல் டிரம்பை வெல்லவைத்த ஃபுளோரிடா, அதே நாளில் 15 டாலர் கூலிக்கு ஏறத்தாழ 61 சதவீத ஆதரவு தந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்க மாநிலச் சட்டமன்றங்கள் மறுத்தபோது, ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா, ஒக்லஹோமா, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களின் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் அதை நிறைவேற்றிக்கொண்டார்கள். குடியரசுக் கட்சியின் கோட்டைகள் என்று பெயரெடுத்த மாநிலங்கள் இவை.

இதற்கு இருவகை விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. மக்கள் உண்மையில் இடதுசாரிகள், அவர்களை யாரோ ஏமாற்றிப் பழமைவாதத் தலைவர்களுக்கு வாக்களிக்க வைக்கிறார்கள் என்பது ஒன்று. தேர்தல் முடிவே உண்மை, கருத்துக்கணிப்பில் வரும் எண்ணெல்லாம் கேள்வி கேட்பவரின் கைவரிசை என்பது மற்றொன்று. அறுபது ஆண்டுக் கணிப்புத் தரவுகளை வைத்துப் பார்த்தால் இரண்டும் நிற்பதில்லை. அமெரிக்காவில் ‘பழமைவாதி’ என்பது முதலில் ஓர் அடையாளம். கொள்கைப் பட்டியல் அதற்குப் பிறகுதான் வருகிறது. அடையாளம் பல பத்தாண்டுகளாக அசையாமல் நிற்கிறது. நாட்டின் முன்னுரிமை எது என்ற கருத்தோ, ஆட்சியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே ஆண்டில் புரண்டுவிடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதிலிருந்துதான் தவறான வாசிப்புகள் பிறக்கின்றன.

1964 தந்த இரட்டை விடை

1964இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் பேரி கோல்டுவாட்டர், சமரசமற்ற பழமைவாதத்தை முன்வைத்துப் போட்டியிட்டார். லிண்டன் ஜான்சனிடம் 61-க்கு 38 என்ற அளவில் படுதோல்வி அடைந்தார். அந்த இலையுதிர்காலத்தில் லாயிட் ஃப்ரீ, ஹாட்லி கேன்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள், கேலப் நிறுவனத்தின் களப்பணியாளர்களைக் கொண்டு விரிவான கணிப்பு ஒன்றை நடத்தினார்கள். முடிவுகள் 1967இல் நூலாக வந்தன.

அவர்கள் கேள்விகளை இரு கட்டாகப் பிரித்தார்கள். ஒரு கட்டில் திட்டங்கள்: பள்ளிகளுக்கு மத்திய அரசு நிதி தரலாமா, முதியோர் மருத்துவத்துக்கு அரசு உதவலாமா, வேலையின்மையைக் குறைக்க அரசு முனையலாமா. இன்னொரு கட்டில் கோட்பாடுகள்: மத்திய அரசு அளவுக்குமீறித் தலையிடுகிறதா, தனிமனித முயற்சி போதாதா. திட்டங்கள் என்று வந்தபோது 65 சதவீதம் பேர் தாராளவாதிகள். கோட்பாடு என்று வந்தபோது பாதிப் பேர் பழமைவாதிகள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் இரண்டுமாக இருந்தார்: அரசு சுருங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, அரசின் ஒவ்வொரு திட்டத்துக்கும் தலையாட்டினார்.

இந்த முரண் காலத்தோடு மறைந்துவிடவில்லை. கிறிஸ்டோபர் எல்லிஸ், ஜேம்ஸ் ஸ்டிம்சன் இருவரும் 2012இல் வெளியிட்ட ‘ஐடியாலஜி இன் அமெரிக்கா’ என்ற நூலில், பல பத்தாண்டுக் கணிப்புகளை ஒன்றுசேர்த்து அதே பிளவை உறுதிசெய்தார்கள். அவர்கள் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. தேவாலயத்துக்குத் தவறாமல் போவது, குடும்ப ஒழுங்கைப் பேணுவது, பணத்தைப் பார்த்துச் செலவழிப்பது இவையெல்லாம் அன்றாட வாழ்வில் மதிக்கப்படும் குணங்கள். இந்தக் குணங்கள் தனக்கு உண்டு என்று நினைப்பவர், ‘நீங்கள் யார்?’ என்று கேட்டதும் பழமைவாதி என்கிறார். வரிவிகிதத்தையோ காப்பீட்டுச் சட்டத்தையோ மனத்தில் வைத்து அவர் அந்தப் பதிலைச் சொல்வதில்லை.

கேலப் நிறுவனத்தின் நீண்டகாலத் தொடர் இதற்குப் பக்கபலம். 1992இல் அமெரிக்கர்களில் 36 சதவீதம் பேர் தம்மைப் பழமைவாதி என்றார்கள். 2024இல் அது 37 சதவீதம். இடையே நான்கு அதிபர்கள் வந்துபோனார்கள். இரண்டு போர்கள், ஒரு நிதி நெருக்கடி, ஒரு பெருந்தொற்று எல்லாம் நடந்தேறின. மாறியது வேறு இடத்தில். நடுநிலையாளர் என்று சொன்னவர்கள் 43இலிருந்து 34ஆகக் குறைந்தார்கள். தாராளவாதிகள் 17இலிருந்து 25ஆகக் கூடினார்கள். குடியரசுக் கட்சிக்குள் பழமைவாதிகளின் பங்கு 1994இல் 58 சதவீதம், 2024இல் 77. நாட்டில் பழமைவாதிகளின் விகிதம் பெருகவில்லை. சிதறியிருந்தவர்கள் ஒரு கட்சிக்குள் வந்து சேர்ந்தார்கள்.

டீ பார்ட்டியின் கணக்கு

2009இல் ஒபாமா அரசின் செலவுத் திட்டங்களை எதிர்த்துக் கிளம்பிய ‘டீ பார்ட்டி’ இயக்கத்தைப் பற்றி நியூயார்க் டைம்ஸும் சிபிஎஸ்ஸும் 2010 ஏப்ரலில் ஒரு கணிப்பை வெளியிட்டன. அமெரிக்கர்களில் 18 சதவீதம் பேர் அதன் ஆதரவாளர்கள். சேவைகள் குறைந்தாலும் சரி, சிறிய அரசே வேண்டும் என்று அவர்களில் பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். அதே ஆட்களிடம், முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் போடும் செலவுக்குத் தகுந்தவையா என்று கேட்டபோது 62 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மத்திய அரசின் மிகப் பெரிய செலவினங்களில் இரண்டு இவைதான்.

இதை வெறும் இரட்டை வேடம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆய்வாளர்களான தீடா ஸ்காச்போலும் வனெஸ்ஸா வில்லியம்சனும் இயக்க உறுப்பினர்களின் கூட்டங்களுக்கே போய்ப் பேசிப் பார்த்தார்கள். அங்கே அவர்கள் கண்டது ஓர் ஒழுங்கான தர்க்கம். வாழ்நாளெல்லாம் உழைத்து, சம்பளத்தில் பிடித்தம் கட்டி, வயதானபின் பெறுவது உரிமை. உழைக்காதவருக்குப் போவது தானம். அரசு பெரிதா சிறிதா என்பது அவர்களுக்கு இரண்டாம் கேள்வி. யார் தகுதியானவர் என்பதே முதல் கேள்வி. இளைஞர்கள், குடியேறிகள், மானியம் பெறுவோர் பற்றிய அவர்களது கசப்பும் அந்தத் தகுதிக் கணக்கிலிருந்தே பிறந்தது.

அரசியல்வாதிகளில் இதைச் சரியாகப் படித்தவர் டிரம்ப். 2005இல் அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ் சோஷியல் செக்யூரிட்டியின் ஒரு பகுதியைத் தனியார் கணக்குகளுக்கு மாற்ற முயன்றார். தம் கட்சியே நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பெரும்பான்மை வைத்திருந்தும் அந்தத் திட்டம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அதற்குப் பத்து ஆண்டு கழித்து வேட்புமனுவை அறிவித்த டிரம்ப், இந்த இரு திட்டங்களிலும் கைவைக்கமாட்டேன் என்றார். செலவுக்குறைப்பைப் பல்லாண்டாகப் பேசிவந்த கட்சித் தலைமைக்கு அது மரபுமீறல். வாக்காளருக்கு அது மரபாகவே பட்டது.

பழமைவாத முகாமும் ஒற்றைத் திரள் அல்ல. பியூ ஆய்வு மையம் 2021இல் அமெரிக்க வாக்காளர்களை ஒன்பது வகையாகப் பிரித்தபோது, குடியரசுக் கட்சிப் பக்கம் மட்டும் நான்கு வகை தேறியது. அவற்றுள் ‘ஜனரஞ்சக வலதுசாரிகள்’ என்ற பிரிவினர் குடியேற்றத்தில் மிகக் கடுமையானவர்கள். அதே சமயம் பெருநிறுவனங்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் வரியைக் கூட்ட வேண்டும் என்று அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். கட்சியின் மரபான வரிக்கொள்கைக்கு நேர் எதிர் இது.

விலை சொல்லாத கேள்வி

இதுவரை சொன்னது பழமைவாதிகளுக்குச் சங்கடம் தரும் தரவு. மறுபக்கத்துக்குச் சங்கடம் தரும் தரவும் உண்டு. துப்பாக்கி வாங்கும் ஒவ்வொருவரின் பின்னணியையும் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கக் கணிப்புகளில் ஆண்டுக்கணக்காக 90 சதவீத அளவில் ஆதரவு பதிவாகிவருகிறது. 2016இல் மெய்ன் மாநிலம் இதை நேரடி வாக்கெடுப்புக்கு விட்டது. ஏறத்தாழ 52 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். நெவாடாவில் வெறும் 50.45 சதவீதத்தோடு தப்பித்தது. ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் ஹிலாரி கிளின்டன் வென்ற இரண்டு மாநிலங்களிலேயே இந்தக் கதி.

தொண்ணூறு எப்படி ஐம்பதானது? கணிப்பாளர் கேட்பது ஒரு வரிக் கேள்வி. வாக்கெடுப்பில் வருவது பல பக்கச் சட்டம். அண்ணன் தம்பிக்குத் துப்பாக்கியைக் கொடுத்தால் குற்றமா, வேட்டைக்குப் போகும்போது நண்பனிடம் இரவல் வாங்கலாமா என்ற கேள்விகள் பிரச்சாரத்தில் கிளம்புகின்றன. சட்டத்தை எழுதியவர் யார், பணம் கொடுத்தவர் யார் என்பதும் வாக்காளருக்குத் தெரியவருகிறது. ஒரு யோசனையின் விலையும் உரிமையாளரும் தெரிந்தபின் அதே ஆள் வேறு பதில் சொல்கிறார். கொள்கைக் கணிப்புகளில் வரும் பெரும்பான்மையை எல்லாம் அப்படியே நம்பக் கூடாது என்று பழமைவாதிகள் எழுப்பும் ஆட்சேபத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

உரிமையாளரின் பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குக் கென்டகி மாநிலம் துல்லியமான சான்று. ஒபாமாவின் 2010 காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் அந்த மாநிலம் ‘கைனெக்ட்’ என்ற பெயரில் தன் காப்பீட்டுச் சந்தையைத் திறந்தது. 2014 மே மாதம் என்பிசியும் மாரிஸ்ட் நிறுவனமும் அங்கே கணிப்பு நடத்தின. ‘ஒபாமாகேர்’ பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றதற்கு 57 சதவீதம் பேர் பிடிக்கவில்லை என்றார்கள். ‘கைனெக்ட்’ பிடிக்கவில்லை என்றவர்கள் 22 சதவீதம் மட்டுமே. இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் நடப்பவை. பாதிப் பேர் கைனெக்டைப் பற்றிக் கருத்தே சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்: பெயரில் கட்சி அடையாளம் இல்லாதபோது வெறுப்புக்குப் பிடிமானம் இல்லை, அதே போல ஆதரவுக்கும் இல்லை.

முன்னுரிமைப் பட்டியல் தயாராகும் விதம்

எந்தக் கொள்கை பிடிக்கும் என்பதும் எது முதலில் நடக்க வேண்டும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதை அளக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. கேலப் 1930களின் இறுதியிலிருந்து கேட்டுவரும் கேள்வி திறந்த கேள்வி: நாடு இன்று எதிர்கொள்ளும் மிக முக்கியப் பிரச்சினை எது? பட்டியல் எதுவும் தருவதில்லை; நாவில் வருவதை அப்படியே குறித்துக்கொண்டு பிறகு வகைப்படுத்துகிறார்கள். பியூ மையம் ஆண்டுதோறும் கேட்பது மூடிய கேள்வி. இருபது சொச்சம் விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இது அரசின் தலையாய முன்னுரிமையா, முக்கியம் ஆனால் அடுத்த நிலையா, அவ்வளவு முக்கியமில்லையா, செய்யவே கூடாததா என்று கேட்கிறார்கள்.

முதல் முறையில் செய்தித்தாளின் முதல் பக்கம் பதிலில் எதிரொலிக்கும். 2024 பிப்ரவரியில் மெக்சிகோ எல்லை நிலவரம் செய்திகளை ஆக்கிரமித்திருந்தபோது 28 சதவீதம் பேர் குடியேற்றத்தைச் சொன்னார்கள். மற்ற எல்லாப் பிரச்சினைகளையும் அது முந்தியது. இரண்டாவது முறையில் வேறொரு கோளாறு. ஒருவர் பத்து விஷயங்களைத் ‘தலையாய’தாகச் சொன்னாலும் தடையில்லை. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வரவுசெலவுத் திட்டம் போடும் அமைச்சருக்கு உள்ள நெருக்கடி பதிலளிப்பவருக்கு இல்லை.

இருந்தாலும் பியூ பட்டியலில் கட்சிகளுக்கிடையிலான இடைவெளி பெரிதாகப் பேசுகிறது. 2023இல் பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பது தலையாய முன்னுரிமை என்றவர்கள் மொத்தத்தில் 37 சதவீதம். ஜனநாயகக் கட்சியினரில் 59, குடியரசுக் கட்சியினரில் 13. இவ்வளவு பெரிய பிளவு உள்ள விஷயத்தில் ‘சராசரி அமெரிக்கர் நினைப்பது’ என்று சொல்லும் 37 யாருடைய மனநிலையையும் காட்டுவதில்லை.

பழமைவாதிகளின் நிரந்தர முழக்கமான நிதிப் பற்றாக்குறையை எடுத்துக்கொள்வோம். 2013இல், ஒபாமாவின் இரண்டாவது ஆட்சிக்காலத் தொடக்கத்தில், குடியரசுக் கட்சியினரில் ஐந்தில் நான்கு பேர் பற்றாக்குறையைக் குறைப்பதைத் தலையாய முன்னுரிமை என்றார்கள். அந்த நிதியாண்டில் பற்றாக்குறை ஏறத்தாழ 68,000 கோடி டாலர். டிரம்ப் ஆட்சியில் 2019இல் பற்றாக்குறை 98,400 கோடி டாலராக ஏறியது. கவலைப்பட்டவர்களோ பாதியைச் சற்றே தாண்டும் அளவுக்குச் சுருங்கினார்கள். பைடன் ஆட்சிக்கு வந்தபின் 2023இல் அந்தக் கவலை 71 சதவீதமாக மீண்டது. பற்றாக்குறையின் வரைபடத்தை வைத்து இந்தக் கவலையை விளக்க முடியாது. வெள்ளை மாளிகையில் குடியிருப்பவர் யார் என்பதை வைத்து விளக்கிவிடலாம்.

ஆட்சி மாறினால் திசை மாறும்

அரசியல் அறிவியலாளர் கிறிஸ்டோபர் வ்லெசியன் 1995இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். அறை போதுமான அளவு குளிர்ந்ததும் ஏ.சி. இயந்திரம் தானே ஓய்ந்துவிடுவதைப் போல, அரசு ஒரு திசையில் நகர்ந்ததும் மக்களுக்கு அந்தத் திசையில் இருக்கும் வேட்கை தணிந்துவிடுகிறது என்றார் அவர். பாதுகாப்புச் செலவு கூடினால், இன்னும் கூட்ட வேண்டும் என்பவர்கள் குறைவார்கள். நலத்திட்டங்கள் வெட்டப்பட்டால் அவற்றுக்கான ஆதரவு ஏறும்.

இதன் அண்மைச் சான்று குடியேற்றம். கேலப் கணிப்பில் குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் 2024இல் 55 சதவீதம். 2001க்குப் பிறகு அதுவே உச்சம். அந்த அலையில் ஏறி வென்ற டிரம்ப் பதவியேற்று ஆறு மாதம் ஆவதற்குள், 2025 கோடையில், அது 30 சதவீதமாக விழுந்தது. குடியேற்றம் நாட்டுக்கு நல்லது என்றவர்கள் 79 சதவீதமாக உயர்ந்து புதிய உச்சத்தைத் தொட்டார்கள். குடியரசுக் கட்சியினரிடையேகூட, குறைக்கச் சொன்னவர்கள் 88இலிருந்து 48ஆக இறங்கினார்கள். இதற்கு இரு காரணங்களைச் சொல்லலாம்: எல்லை தாண்டி வருவோர் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் கேட்டது கிடைத்துவிட்டது என்ற திருப்தி ஒன்று; கைது, நாடுகடத்தல் காட்சிகளைக் கண்டு ஏற்பட்ட பின்வாங்கல் மற்றொன்று. குடியரசுக் கட்சியினரிடம் முதலாவதும் மற்றவர்களிடம் இரண்டாவதும் ஓங்கியிருக்கலாம் என்பது என் கணிப்பு.

ஒபாமாகேரின் கதையும் இதே போக்குதான். சட்டமாகி ஏழாண்டு காலம் பெரும்பான்மை ஆதரவு கிடைக்காமல் தடுமாறியது. 2017இல் குடியரசுக் கட்சி அதை ரத்துசெய்யக் கிளம்பியதும் ஆதரவு பாதியைத் தாண்டியது. அவ்வாண்டு ஜூலையில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டி ரத்து மசோதாவை வீழ்த்தியபோது, அவருடைய கட்சி ஏழாண்டுக் கணிப்புகளை நம்பி வந்து சேர்ந்த இடத்தில் மக்கள் ஏற்கெனவே இல்லை.

தலைவர் முன்னே, ஆதரவாளர் பின்னே

சில விஷயங்களில் கருத்து ஆட்சியை எதிர்த்துத் திரும்புகிறது. வேறு சிலவற்றில் தலைவரின் பின்னால் ஓடுகிறது. 2013இல் சிரியாவில் ரசாயன ஆயுதத் தாக்குதல் நடந்தபின் ஒபாமா ராணுவ நடவடிக்கையை முன்மொழிந்தார். வாஷிங்டன் போஸ்ட்-ஏபிசி கணிப்பில் குடியரசுக் கட்சியினரில் 22 சதவீதமே அதை ஆதரித்தனர். 2017 ஏப்ரலில் மீண்டும் ரசாயனத் தாக்குதல். இம்முறை டிரம்ப் ஏவுகணைகளை வீசினார். குடியரசுக் கட்சியினரின் ஆதரவு 86 சதவீதம். ஜனநாயகக் கட்சியினரிடம் 38, 37 என்று மாற்றமே இல்லை. முதலாவது யோசனை, இரண்டாவது நடந்துமுடிந்த செயல் என்ற வேறுபாட்டுக்கு இடம் கொடுத்தாலும், 64 புள்ளி இடைவெளியை அது நிரப்பாது.

வெளியுறவு தொலைவான விஷயம், அதனால் மக்கள் தலைவரை நம்பிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஒழுக்கம் அப்படியல்ல. தனிவாழ்வில் ஒழுக்கக்கேடாக நடந்த ஒருவர் பொறுப்பில் நேர்மையாக இருக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் கேட்டது. 2011இல் வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். எல்லாப் பிரிவினரையும்விட அவர்களே கறாராக இருந்தார்கள். 2016இல், டிரம்ப் வேட்பாளராகி நின்ற வேளையில், 72 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். ஐந்தே ஆண்டில் மறைநூல் மாறவில்லை. அடையாளம் ஒரு வேட்பாளரைத் தன்னுடையவராக ஏற்றுக்கொண்டபின், அவரோடு முரண்பட்ட கருத்து வழிவிட்டது.

ஆனால் புஷ்ஷின் ஓய்வூதியத் திட்டத்தின் முன் அதே அடையாளம் வளைந்துகொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எல்லை புலப்படுகிறது. மாதாமாதம் கைக்கு வரும் பணம், குடும்பத்துக்குள் நேரும் பிரசவச் சிக்கல், வாரக் கூலி போன்றவற்றில் வாக்காளர் தம் அனுபவத்தை நம்புகிறார். அனுபவம் எட்டாத இடங்களில் தம் தலைவரை நம்புகிறார். மிசௌரியின் வாக்குச்சீட்டு அந்த எல்லைக்கோட்டின் மேலேயே அமைந்திருந்தது.

பதில் சொல்லாதவர்கள்

இவ்வளவு தரவையும் எடைபோடுவதற்கு முன் இன்னொரு கேள்வி: பதில் சொன்னவர்கள் யார்? 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடிச் சீட்டுகளை அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றது. குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லேண்டன் 57 சதவீதம் பெற்று வெல்வார் என்றது. அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீதம் பெற்றார். லேண்டனுக்கு இரண்டே மாநிலங்கள். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியலிலிருந்து முகவரி எடுத்தது ஒரு தவறு. ரூஸ்வெல்ட்டை வெறுத்தவர்களே ஊக்கமாகச் சீட்டை நிரப்பி அனுப்பினார்கள் என்பது அதைவிடப் பெரிய கோளாறு.

அன்று பழமைவாதிகள் மிகையாகப் பதில் சொன்னார்கள். இன்று அவர்களில் ஒரு பகுதியினர் பதில் சொல்வதே இல்லை. பியூ மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் நூறு பேரை அழைத்தால் 36 பேர் ஒத்துழைத்தார்கள். 2012இல் 9 பேர். 2018இல் 6 பேர். 2016இல் பல மாநிலக் கணிப்புகள் கல்லூரிப் படிப்பு இல்லாதவர்களுக்கு உரிய நிறை கொடுக்காமல் தவறின. அதைத் திருத்திக்கொண்டு வந்த 2020இல் பிழை இன்னும் பெரிதானது. தேசிய அளவிலான கணிப்புகள் பைடனின் முன்னிலையை 3.9 புள்ளி மிகைப்படுத்தின. நாற்பது ஆண்டுகளில் மிக மோசமான தவறு அது என்று கருத்துக்கணிப்பாளர்களின் தொழில்சார் சங்கமே அறிக்கை தந்தது. டிரம்ப் ஆதரவாளர்கள் வெட்கப்பட்டுப் பொய் சொன்னார்கள் என்ற விளக்கத்துக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஊடகத்தையும் நிறுவனங்களையும் நம்பாதவர் கணிப்பாளரின் அழைப்பையும் எடுப்பதில்லை என்பதே வலுவான ஊகம். அப்படியென்றால், வயது, படிப்பு, இனம் என்று எந்த நிறையைப் போட்டாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

அப்போது கொள்கைக் கணிப்புகளையும் குப்பையில் போடலாமா? பியூ மையம் 2021இல் இதைச் சோதித்துப் பார்த்தது. மாதிரியில் டிரம்ப் ஆதரவாளர்களின் பங்கை உண்மைத் தேர்தல் முடிவுக்கு ஏற்ப உயர்த்திவிட்டு, கொள்கைக் கேள்விகளின் விடைகளைத் திரும்பக் கணக்கிட்டது. சராசரி மாற்றம் ஒரு புள்ளிக்கும் குறைவு. ஒரே கட்சிக்கு வாக்களிப்பவர்களும் எல்லாக் கொள்கையிலும் ஒரே பக்கம் நிற்பதில்லை. அதனால் சில புள்ளிகள் இடம்மாறினாலும் கொள்கை விடை பெரிதாக அசைவதில்லை. இழுபறித் தேர்தலில் வெற்றியாளரைச் சொல்லத் தவறும் அதே கருவி, 60-க்கு 40 என்றிருக்கும் கொள்கைக் கருத்தைச் சரியாகவே காட்டும்.

தொகுதியைத் தவறாகப் படிக்கும் பிரதிநிதி

கணிப்புகள் இவ்வளவு குவிந்தும், மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பிரதிநிதிகள் அறிந்திருக்கிறார்களா? டேவிட் ப்ரூக்மன், கிறிஸ்டோபர் ஸ்காவ்ரன் இருவரும் 2012இலும் 2014இலும் மாநில அளவிலான ஆயிரக்கணக்கான அரசியல்வாதிகளிடம், உங்கள் தொகுதியில் எத்தனை சதவீதம் பேர் இந்தக் கொள்கையை ஆதரிப்பார்கள் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பல விஷயங்களில் அவர்களின் ஊகம், தொகுதியின் உண்மைக் கருத்தைவிடப் பத்துப் புள்ளிக்கும் மேல் பழமைவாதப் பக்கம் சாய்ந்திருந்தது. குடியரசுக் கட்சியினரின் சாய்வு அதிகம். ஆனால் ஜனநாயகக் கட்சியினரும் அதே பக்கம்தான் தவறினார்கள். அலுவலகத்துக்கு வந்து பேசுபவர்கள், கடிதம் எழுதுபவர்கள், கூட்டங்களில் எழுந்து நிற்பவர்கள் மத்தியில் பழமைவாத ஆர்வலர்கள் அதிகம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஜெர்மனி, பெல்ஜியம், கனடா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலும் இதே சாய்வு பிறகு கண்டறியப்பட்டது.

அறியாமை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மிசௌரி சட்டமன்றத்துக்கு 2024இன் வாக்கெடுப்பு முடிவு தெரியாமல் இல்லை. தெரிந்தே, 2025இல் மருத்துவ விடுப்புப் பகுதியைச் சட்டம் போட்டு நீக்கியது. கருக்கலைப்பு உரிமையைத் திரும்பப் பெறும் யோசனையை மீண்டும் வாக்கெடுப்புக்கு அனுப்பத் தீர்மானித்தது. அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குப் பொதுத் தேர்தல் ஒரு சடங்கு. உண்மையான போட்டி கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில். அங்கே வாக்களிப்பவர்கள் குறைவு. அவர்களிடம் அடையாளத்தின் பிடி இறுக்கம். கொள்கையில் மாறுபட்டும் அடையாளத்துக்காக வாக்களிக்கும் பொதுத்தேர்தல் வாக்காளரைப் பகைத்துக்கொண்டாலும் அவர்களுக்கு இழப்பு இல்லை. கணிப்பின் எண்ணுக்கும் சட்டத்துக்கும் இடையே விழும் பள்ளத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

மக்கள் தந்த ஆணை எது?

வென்றவர்கள் எல்லோரும் மக்கள் ஆணை என்ற உரிமைகோரலோடுதான் பதவியேற்கிறார்கள். 2024இல் டிரம்ப் பெற்றது 49.8 சதவீதம்; கமலா ஹாரிஸைவிட 1.5 புள்ளி கூடுதல். அந்த வெற்றியை எந்தக் கொள்கைக்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்வது? ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் தயாரித்த ‘ப்ராஜெக்ட் 2025’ என்ற பழமைவாத ஆட்சித் திட்டத்தை அந்த செப்டம்பரில் என்பிசி கணிப்பில் ஆதரித்தவர்கள் 4 சதவீதம், எதிர்த்தவர்கள் 57 சதவீதம். டிரம்பே பிரச்சாரத்தில் அதிலிருந்து விலகிநின்றார். வாக்காளர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விலைவாசியையும் எல்லையையும் சரிசெய்யச் சொன்னார்கள். அதற்கு அப்பால் எழுதப்பட்ட எந்த அட்டவணையிலும் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை.

இடதுசாரிகளின் உரிமைகோரலும் இதே சோதனையில் தோற்கும். மெடிக்கெய்டுக்கும் கூலி உயர்வுக்கும் வாக்களித்தவர்களில் பலர் அவற்றை முன்னெடுத்த கட்சிக்கு வாக்களிக்கவில்லை. தங்களுக்குப் பிடித்த திட்டத்தை வைத்திருப்பவர்களைவிட, தங்களை மதிப்பதாக அவர்கள் கருதியவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். அதை ஏமாற்றம் என்று சொல்லிக் கடந்துபோகிறவர், அவர்களுக்கு அடையாளமும் ஒரு முன்னுரிமைதான் என்பதைக் கவனிக்கத் தவறுகிறார். எந்தப் பட்டியலிலும் அச்சிடப்படாத முன்னுரிமை அது.

ஆகவே, பழமைவாத அலை வீசுகிறது என்றோ ஓய்ந்துவிட்டது என்றோ ஒரு கணிப்பு சொல்லும்போது வாசகர் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. கேட்கப்பட்டது அடையாளமா, திட்டமா? திட்டம் என்றால் அதன் விலை சொல்லப்பட்டதா? அந்தத் தேதியில் ஆட்சியில் இருந்தது யார்? முந்தைய ஆட்சியில் இதே கேள்விக்கு இதே ஆட்கள் சொன்ன விடை என்ன? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத கணிப்பு, மனநிலையைப் பதிவுசெய்திருக்கலாம். நம்பிக்கையைப் பதிவுசெய்திருக்கிறது என்று சொல்ல இயலாது.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையைக் கணிப்புகளில் தேடும் அரசு, ஆறு மாதத்துக்கு முந்தைய கட்டளையையே நிறைவேற்றிக்கொண்டிருக்கும். எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எந்த இடத்தில் மக்கள் நடையை நிறுத்திவிட்டார்கள் என்று பார்ப்பதற்கு அவற்றைவிட நல்ல கருவி இல்லை. அமெரிக்காவில் இரு கட்சிகளும் அவற்றை முதல் வேலைக்குப் பயன்படுத்தி, இரண்டாவதைப் புறக்கணிக்கின்றன. தேர்தலுக்குத் தேர்தல் ஆட்சி கைமாறிக்கொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.